ரெட்டைப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசுமா?

குழந்தை வளர்ச்சி நான் படிச்ச படிப்பு, பார்க்கிற வேலையும் அதுதான். கொல்லிமலையில செம்மேட்டுப் பக்கம் வீடு. வீட்டுல ரெட்டைப் பிள்ளைங்க. பெரியவ பொண்ணு, 4 நிமிஷம் கழிச்சு வந்தவன் பையன். இப்போ மூணு வயசு.

ஒரு குழந்தையை இன்னொண்ணோட ஒப்பிடாதீங்கன்னு எல்லாப் பெற்றோர்கிட்டயும் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்குப்படி, தனியா நடக்கிறது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரைக்கும் எப்ப வேணா வரலாம். இந்தியக் குழந்தைகளும் அந்த ஆய்வுல இருந்தாங்க. ஆனா ஒரே பாயில ரெண்டு பேர் உருளும்போது ஒப்பிடாம இருக்க முடியுமா? முடியாது. அதுல ஒரு நன்மையும் இருக்கு. அதைச் சொல்றேன்.

22-வது மாசம் பெரியவ சின்னச் சின்ன வாக்கியமே பேசினா. சின்னவனுக்கு அஞ்சாறு வார்த்தைதான். 34 வாரத்துலயே பிறந்ததால, ரெண்டு வயசு வரைக்கும் அந்த ஆறு வாரத்தைக் கழிச்சுத்தான் வயசு பார்க்கணும். கழிச்சாலும் அஞ்சாறு குறைவுதான்.

பக்கத்து வீட்டு அம்மா, “கண்ணு, ரெட்டைன்னா மெதுவாத்தான் பேசும்”னாங்க. பொய்யில்லை. சராசரியா இரட்டையர் கொஞ்சம் தாமதமாப் பேசுறாங்க. முக்கியக் காரணம் ரொம்ப எளிமை: ஒரு அம்மாவோட பேச்சு ரெண்டா பங்காகுது. குறைமாதப் பிறப்பும் சேரும். போதாக்குறைக்கு, எங்க வீட்டுல அவன் கையை நீட்டினாலே அக்கா “தண்ணி வேணுமாம்”னு சொல்லிடுவா. அவன் எதுக்குப் பேசணும்?

ரஷ்யாவுல லூரியாவும் யுடோவிச்சும் 5 வயசு இரட்டைப் பையன்களைப் பத்தி எழுதினாங்க, 1956-ல் வெளிவந்தது. ரெண்டு பேரும் தங்களுக்குள்ளயே அரைகுறையாப் பேசிக்கிட்டாங்க. பாலர் பள்ளியில வேற வேற குழுவுல விட்டதும் பேச்சு வேகமா வளர்ந்துச்சு. அதைப் பார்த்து நாங்களும் ஒரு பழக்கம் வெச்சோம். தினம் கொஞ்ச நேரம் ஒருத்தரோட மட்டும். சோளக்காடு சந்தைக்கு அவர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவார், நான் இன்னொருத்தரோட மிளகுக் கொடிப் பக்கம்.

அந்தத் தனி நேரத்துலதான் ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டா திரும்புறான், முதுகுக்குப் பின்னாடி கூப்பிட்டா பல தடவை திரும்பலை. அக்கா திரும்பினா கூடவே இவனும் திரும்புவான், அதனால அதுவரைக்கும் யாருக்கும் தெரியலை.

பேச்சு தாமதம்னா முதல்ல காதைப் பாருங்க. ரெட்டையோ ஒத்தையோ, பையனோ பொண்ணோ, இதுல விதிவிலக்கு கிடையாது. மறுநாளே 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போனோம். ரெண்டு பேரும் மாறி மாறி வாந்தி, அது தனிக் கதை. பரிசோதனையில நடுக்காதுல நீர் கோத்திருக்குன்னாங்க. சளி பிடிச்ச பிறகு குழந்தைங்களுக்கு அடிக்கடி வர்றதுதான், பெரும்பாலும் தானா வடிஞ்சிடும். மூணு மாசம் பார்ப்போம், வடியலைன்னா அடுத்தது யோசிப்போம்னாங்க. அந்த மூணு மாசமும் எதிர்ல உட்கார்ந்து, முகம் தெரிய, நிதானமாப் பேசினோம்.

வடிஞ்சிடுச்சு. வார்த்தை ஒண்ணொண்ணா வந்துச்சு. இன்னும் சில எழுத்து சரியா வரலை, அடுத்த மாசம் மறுபடி காட்டணும். அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தா மட்டும், “நான் சொல்றேன்”னு அவ வாயைப் பொத்துறான்.