சமயமும் அரசியலும்: மூன்று நூல்கள் கற்பித்தவை

 

இருபத்தைந்து ஆண்டுகளாக ஏழை மாணவர் கல்விக்குத் துணைநின்றுவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில், சமயமும் அரசியலும் பற்றிய நூல்களைக் குறித்துப் பேசுமாறு எம்மைப் பணித்துள்ளீர்கள். இஸ்லாமிய வாசகர் என்னும் நிலையில், எம் நெஞ்சை அசைத்த மூன்று நூல்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம்.

பாட்டனார் தம் இளமையில் கண்ட கிலாபத்து இயக்கத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தோம் யாம். கலீபா என்னும் ஆட்சித் தலைவர் இன்றேல் மார்க்கமே நிறைவுறாது என்று நம்பினோம். துருக்கி அப்பதவியை 1924ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் ஒழித்தது. அடுத்த ஆண்டே எகிப்தில், ‘இஸ்லாமும் ஆட்சியின் அடிப்படைகளும்’ என்னும் பொருள்படும் அரபு நூல் வெளிவந்தது. எழுதியவர் அலீ அப்துர் ராஸிக், அல்-அஸ்ஹரில் பயின்ற மார்க்க அறிஞர், ஷரீஅத் நீதிபதி. கலீபா பதவியைத் திருக்குர்ஆனும் நபிமொழியும் கட்டாயமாக்கவில்லை. நபிகள் நாயகம் அவர்கள் கொணர்ந்தது இறைத்தூதேயன்றி அரசாட்சி அன்று. மக்கள் தம் அறிவாலும் அனுபவத்தாலும் அரசை அமைத்துக்கொள்ளலாம் என்று அவர் வாதிட்டார். மன்னர்கள் தம் அரியணையைக் காக்கவே சமயத்தைக் கேடயமாக்கினர் என்றும் எழுதினார். விளைவு என்ன? அதே 1925இல் அல்-அஸ்ஹரின் பேரறிஞர் குழு அவரை உலமாக்களின் வரிசையினின்று நீக்கியது. நீதிபதிப் பதவியும் போயிற்று.

கல்லூரி நாளில் இதன் சுருக்கத்தை ஓர் ஆங்கில நூலில் கண்டு, சினத்துடன் மூடிவைத்தோம். ஊர்ப் பள்ளிவாசல் இமாம் அவர்களிடம் சென்று முறையிட்டோம். அப்பெரியவர், “தம்பி, மறுக்க வேண்டுமானால் முழுவதும் படித்துவிட்டு மறு” என்றார். அவ்வொரு சொல்லே எம்மை வாசகராக்கியது.

ஆகவே எதிர்த்தரப்பையும் தேடிப் படித்தோம். மௌலானா மௌதூதி அவர்கள் 1966இல் வெளியிட்ட ‘கிலாபத்தும் மன்னராட்சியும்’ என்னும் நூல் கிட்டியது. இறைவனின் ஆணைப்படியே ஆட்சி நடத்தல் வேண்டும் என்பவர் அவர். ராஸிக்கின் கருத்துக்கு நேர்மாறானவர். ஆயினும், தொடக்ககாலக் கிலாபத்து பரம்பரை மன்னராட்சியாக மாறியதை அவரும் வீழ்ச்சி என்றே காட்டுகின்றார். இரு துருவங்களாய் நின்ற இருவரும், சமயம் அரியணைக்கு ஏவல் செய்வதை ஒப்பவில்லை. அன்று முதல் ஒரு வினாவை உடன் கொண்டே நூல்களைப் படிக்கலானோம். இந்நூல் காப்பது நம்பிக்கையையா, எவருடைய இருக்கையையா?

மூன்றாவது, அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1940இல் வெளியிட்ட ‘பாகிஸ்தான் பற்றிய சிந்தனைகள்’. பிரிவினைக் கோரிக்கையை இருதரப்பு வாதங்களோடும் ஆராயும் அந்நூலில் சமுதாயத் தேக்கத்தைப் பற்றி ஓர் இயல் உண்டு. முஸ்லிம்களிடையேயும் சாதி உண்டு என்பதற்கு 1901ஆம் ஆண்டின் வங்காள மக்கள்தொகைக் கணக்கு அறிக்கையை அண்ணல் சான்று காட்டுகின்றார். அஷ்ரப், அஜ்லப், அர்ஸல் என மூன்று பிரிவுகள். கடைநிலையினரான அர்ஸல் மக்களுக்குப் பள்ளிவாசலிலும் பொது அடக்கத்தலத்திலும் இடமில்லை என்றது அவ்வறிக்கை.

தோளோடு தோள் நின்று தொழுபவர் யாம் என்னும் பெருமை எமக்குண்டு. ஆதலின் இதனைப் படித்தபோது எம் முகம் சுருங்கிற்று. பகையுரை என்று ஒதுக்கவும் மனம் விழைந்தது. அப்போது அவ்வினா எம்மையே நோக்கித் திரும்பியது. யாம் காக்க முனைவது மார்க்கத்தையா, எம் இருக்கையையா? சமத்துவம் எம் மார்க்கத்தின் கட்டளை. அதனை நடைமுறையில் மறந்தது மக்களின் பிழை. பிழையைச் சுட்டுபவர் மார்க்கத்தின் பகைவர் அல்லர். அந்நூலின் முடிவுகள் அனைத்தையும் யாம் ஏற்கவில்லை. ஆயினும் அவ்வுண்மைக்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

இளைஞர்களே! எச்சமயத்தவர் எழுதினும், எக்கட்சியினர் எழுதினும், நம்மவரே எழுதினும் அவ்வினாவைக் கேளுங்கள். நம்மைப் புகழும் நூலிடம் அதனை இருமுறை கேளுங்கள். சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் ஒரு கருத்தை உரைக்கும் நூலும் அதனை மறுக்கும் நூலும் ஒரே அடுக்கில் அருகருகே இருக்கட்டும். எடுத்துப் படித்து முடிவு காண்பது மாணவர் பொறுப்பு.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!