நாயும் புலியும்

வலிமை மிக்க சிலரை வலிமை குன்றிய பலர் மடக்குவது எவ்வாறு? யாழ்ப்பாணத்துத் திண்ணைகளிலே கரித்துண்டாலும் வெண்கட்டியாலும் கோடு கீறி விளையாடப்பட்டு வந்த நாயும் புலியும் என்னும் ஆட்டம் இவ்வினாவுக்கு விடை கூறுவதாகும். தமிழகத்தின் ஆடுபுலி ஆட்டமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

காய்களின் தொகை ஊருக்கு ஊர் வேறுபடும். தமிழகத்திற் பெருவழக்கான முறையில் அரங்கிலே 23 புள்ளிகள். புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகளை ஒவ்வொன்றாகவே வைத்தல் வேண்டும். அனைத்தும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரலாகாது. புலியோ தொடக்கத்திலிருந்தே உலாவும். அருகிலுள்ள ஆட்டுக்கு அப்பால், அதே கோட்டிலுள்ள புள்ளி வெறுமையாயிருப்பின், அதன்மேற் பாய்ந்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. புலிகள் அசைய இடமின்றிச் சூழ்ந்து நிற்பதே அதன் வெற்றி.

ஆகவே, தேர்ந்த ஆட்டக்காரர் தம் காயை மட்டும் நோக்கார். காயின் பின்னுள்ள வெற்றிடத்தையே நோக்குவர். பின்னே துணை நிற்கும் ஆட்டைப் புலி தீண்ட இயலாது. தனித்து நிற்பதே இரையாகும்.

பண்டைக் கிரேக்கரும் இத்தகைய போர் விளையாட்டொன்றை ஆடினர். அதன் அரங்கை 'நகரம்' என்றும் காய்களை 'நாய்கள்' என்றும் அவர்கள் அழைத்ததாகக் கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான பொலக்ஸ் எழுதியுள்ளார். எதிரியின் காய் இரண்டுக்கு இடையே அகப்பட்ட காய் வெட்டுண்ணும். பெயர் ஒன்றாயிருத்தல் கொண்டு இரண்டுக்கும் உறவு கூறுதல் பொருந்தாது. எனினும் கருத்து ஒன்றே. நாடற்று வாழும் மனிதனை அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலிலே துணையற்ற காய்க்கு ஒப்பிட்டார்.

கிரேக்கர் களத்திற் கைக்கொண்ட அணிவகுப்பும் இதுவே. வீரன் இடக்கையில் ஏந்திய கேடயம் தன்னையும் இடப்பக்கத்து அயலானையும் காத்தது. தன் வலப்பக்கத்தைக் காத்தது வலப்பக்கத்தான் கேடயம். ஒருவன் விலகின் மற்றவனுக்குக் காவலில்லை. கி.மு. 490இல் மரதன் வெளியிலே பாரசீகப் படையை அதெனியர் வென்றது இவ்வணியினாலேயே.

ஆட்டத்திலே ஓராட்டை வேண்டுமென்றே இரையாக்கிப் புலியைப் பொறிக்குள் இழுக்கும் சூழ்ச்சியும் உண்டு. அதனை மெச்சுவோர் ஒன்றை நினைத்தல் நன்று. மரதனில் வென்ற பக்கத்திலேயே 192 அதெனியர் மாண்டனர் என்பார் ஹெரொடோட்டஸ். அவர்களைப் புதைத்த மேடு அவ்வெளியில் இன்றும் நிற்கிறது. 2009 வரை போர் கண்ட எமது மண்ணுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வெட்டுண்ட புளியங்கொட்டை அடுத்த ஆட்டத்திற்கு எழுந்து வரும், மனிதர் வாரார். துணைநிற்றலின் அருமையைப் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு உணர்த்தட்டும். இரையாக்கப்படும் காயின் விலையைப் பெரியோர் உடனிருந்து உணர்த்துவாராக.