நிலைத்து நிற்க ஓர் இருக்கை

(மே முதல் நாள் வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



இன்று உழைப்பாளர் நாள். திருத்தந்தை 12ஆம் பயஸ் 1955ஆம் ஆண்டு இந்த நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். அந்த நாசரேத்துத் தச்சரிடம் வேலை பழகிய இளைஞர்தான் நம் ஆண்டவர். ஆகவே இன்று வேலைக்குப் போகும் நம் இளம் பிள்ளைகளை நினைத்துப் பார்ப்போம்.

நம் ஊர்க் கடைத்தெருவில் நடந்தால் பல கடைகளின் வாசலில் ஒரே வாசகம்தான்: "ஆட்கள் தேவை." கடை வைத்திருப்பவர்கள் நம்மிடம் சொல்வார்கள்: "ஃபாதர், ஆள் கிடைக்கிறதே குதிரைக்கொம்பா இருக்கு. கிடைச்சாலும் மூணு மாசம் நிக்க மாட்டேங்கிறாங்க." அதே கடையை விட்டு வந்த பிள்ளையைக் கேட்டால், "காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் இருந்தேன் ஃபாதர், கால் வீங்கிப் போச்சு" என்கிறது. நிற்கவில்லை என்கிறார் ஒருவர். நின்றது போதும் என்கிறார் மற்றவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட உரிமையாளரை நாம் அறிவோம். அவருக்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஒரே நாளில் ஐந்து முறை சந்தைவெளிக்குப் போனார். விடியற்காலையில் வந்தவர்களிடம் கூலி ஒரு தெனாரியம் என்று முதலிலேயே பேசி முடித்தார். மாலையானதும், அன்றைக்கே, கூலியைக் கொடுக்கச் சொன்னார். ஏழையின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் கட்டளையிடுகிறது. கடைசியாக வந்தவரும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகவில்லை. கடவுளின் தாராளத்தைச் சொல்லும் உவமை இது. ஆனாலும் அந்த உரிமையாளர் நடந்துகொண்ட முறையில் முதலாளிமாருக்கும் ஒரு பாடம் உண்டு.

நியாயமாக நடந்தால் தொழில் நட்டமாகிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் 1913ஆம் ஆண்டு ஏறத்தாழ 14,000 பேர் வேலை செய்தார்கள். அந்த எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள அந்த ஓராண்டில் மட்டும் 50,000க்கும் மேற்பட்டோரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அவ்வளவு பேர் வந்த வேகத்தில் போனார்கள். 1914 ஜனவரியில் அவர் ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்து, நாட்கூலியை ஏறக்குறைய இரு மடங்காக, ஐந்து டாலராக உயர்த்தினார். வாசலில் கூட்டம் அலைமோதியது. விட்டுப் போவோர் வெகுவாகக் குறைந்தனர். ஃபோர்டு புனிதர் அல்லர். அந்த ஊதியம் தருவதற்காகத் தொழிலாளரின் வீடுகளுக்கே ஆளனுப்பி அவர்கள் வாழ்க்கையைச் சோதித்தவர். ஆயினும் ஒன்றைக் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டார்: ஆளை இழப்பதுதான் பெரிய செலவு.

நம் மாநிலத்திலும் ஒரு நல்லது நடந்தது. அண்டை மாநிலமான கேரளத்தில் விற்பனைப் பெண்கள் போராடியதன் பயனாக 2018இல் உட்காரும் உரிமை சட்டமாயிற்று. 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டப் பேரவையும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்குக் கடைகளில் இருக்கை தர வேண்டும் என்றது. ஒரு நாற்காலிக்குச் சட்டம் போட வேண்டிய நிலைக்கு நாம் வந்திருந்தோம் என்பதை எண்ணினால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தச் சட்டம் வந்த பிறகும் எத்தனை கடைகளில் நாற்காலி வந்திருக்கிறது?

ஆனால் நேயர்களே, ஆளைத் தக்கவைக்கும் உத்தியாக மட்டும் நியாயத்தைப் பார்த்தால் நாம் பாதி வழியில் நின்றுவிடுவோம். திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதிய சுற்றுமடலில், தொழிலாளி வறுமையால் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டாலும் அது நீதியாகிவிடாது என்று கற்பித்தார். ஆள் எளிதாகக் கிடைக்கும் காலத்திலும் அந்த நாற்காலி அங்கே இருக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது திருச்சபையாகிய நாமும் நம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் நாமும் முதலாளிகள்தாம். "சேவை மனப்பான்மை வேண்டும்" என்று சொல்லி ஓர் இளம் ஆசிரியையின் ஊதியத்தைக் குறைத்திருக்கிறோமா? சேவை நாம் விரும்பிக் கொடுப்பது. பிறரிடமிருந்து பிடித்துக்கொள்வது சேவை ஆகாது.

இந்த வாரம் நாம் ஒவ்வொருவரும் ஒன்றைச் செய்வோம். வேலை கொடுப்பவர்கள், சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், வார விடுப்பு எந்த நாள் என்பதை எழுதிக் கொடுங்கள். பிள்ளைகளின் அசல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். துணி வாங்கப் போகிறவர்கள், நாற்பது சேலையைப் பிரிக்கச் சொன்ன பிறகு, "நீ கொஞ்சம் உட்காரும்மா, நாங்க பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். அந்தப் பெண் யாரோ ஒரு தாயின் பிள்ளை.

புனித யோசேப்பே, எங்கள் இளையோரின் உழைப்பைக் காத்தருளும். அவர்களுக்கு உரியதை உரிய நேரத்தில் கொடுக்கும் மனத்தை எங்களுக்குப் பெற்றுத் தாரும். ஆமென்.