முடியில் பிறந்த சொல்: 'ரக்கட்'

இன்னிக்குச் சின்ன எபிசோடு, ஒரே ஒரு சொல்: 'ரக்கட்'. ரக்கட் லேப்டாப், ரக்கட் ஃபோன்னு விளம்பரத்துல பார்த்திருப்பீங்க. நிலத்துக்குச் சொன்னா, மேடும் பள்ளமுமா, பாறை துருத்திக்கிட்டு இருக்கிற இடம்.

ஆனா இந்தச் சொல் பாறையில பிறக்கலை, முடியில பிறந்தது. 14ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்ல 'ரக்கட்'னா சடைசடையா முடி உள்ளதுன்னு அர்த்தம். ஸ்காண்டிநேவிய மொழிகள்ல இருந்து வந்திருக்கலாம்னு அகராதிகள் சொல்லுது. தரையில விரிக்கிற 'ரக்' இதுக்குச் சொந்தக்காரன்தான். 17ஆம் நூற்றாண்டுலதான் இது நிலத்தையும் குறிக்க ஆரம்பிச்சது.

'க்ராகி' வேற. அது 'க்ராக்' என்ற கெல்டிக் சொல்லில் இருந்து வந்தது. செங்குத்தா நிற்கும் பாறை. டேனியல் க்ரெய்க் பேருல இருக்கிற 'க்ரெய்க்' கூட அதே பாறைதான். ஆக, 'ரக்கட்' மேற்பரப்பைச் சொல்லுது. 'க்ராகி' நிற்கிற பாறையைச் சொல்லுது.

இப்போ திருச்செந்தூருக்கு வாங்க. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கும்போது பாசி படிஞ்ச பாறைகள் வெளியே தெரியும். அது ரக்கட். வள்ளி குகை இருக்கிற மணற்பாறைச் சரிவை, கொஞ்சம் தாராளமா, க்ராகின்னு சொல்லலாம். பக்கத்துல குதிரைமொழித் தேரி? செக்கச்செவேல்னு மணல் மேடு. அதுக்கு ரெண்டுமே ஒட்டாது, தேரின்னுதான் சொல்லணும். 1956ல் ஸாய்னரும் ஆல்ச்சினும் இந்தப் பக்கத்துக் கற்கருவிகளைப் பத்தி 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் எழுதினப்போ, அவங்களும் 'தேரி'ங்கிற சொல்லையே எடுத்துக்கிட்டாங்க.

நாம என்ன பண்றோம்? மொழிபெயர்க்கும்போது ரக்கட், க்ராகி, ராக்கி எல்லாத்துக்கும் 'கரடுமுரடான'ன்னு ஒரே முத்திரை குத்துறோம். அதுக்குள்ள இருக்கிற 'கரடு' தனிச்சொல், சின்னப் பாறைக் குன்றுன்னு அர்த்தம். அதை மறந்துட்டோம். வள்ளியூர்ப் பக்கம் அதையே 'பொத்தை'ன்னு சொல்வாங்க. மேப்ல அதை வெறும் 'ஹில்'னு போட்டா, குற்றாலத்து மலையும் பொத்தையும் ஒண்ணாயிடும். அடுத்த தலைமுறைக்கு அந்த வித்தியாசமே தெரியாது.

பயன்படுத்தினாத்தான் சொல் நிலைக்கும். தேரி நின்னுச்சு, பொத்தையும் நிக்கணும். உங்க ஊர்ப் பாறைக்கு என்ன பேருன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. எனக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க.