தறி ஓடாத ஒரு நாள்: ஊட்டியில் ஓர் இங்கிலாந்து

(அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இந்த வாரம் ஸ்டுடியோ கதை இல்ல, ஊர் சுத்தின கதை.

லண்டன்ல வேலை செய்யற என் ஃபிரெண்ட் ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. ஒரு பெரிய மாளிகை, முன்னாடி புல்வெளி, குளம், வெட்டி விட்ட செடிகள். காலைல பஸ்ல கூட்டிட்டுப் போய், ரெண்டு மூணு மாளிகையும் தோட்டமும் காட்டி, சாயங்காலம் திரும்பக் கொண்டு வந்து விடற டூராம். அதை அப்பாகிட்ட காட்டினேன். பார்த்துட்டு, "ஏங்கண்ணு, இது ஊட்டி மாதிரியே இருக்குது"ன்னாரு.

அவர் சொன்னது தலைகீழ். ஊட்டிதான் அது மாதிரி இருக்கு. அப்படியே செஞ்சு வெச்சிருக்காங்க. அதனால, லண்டன் போக முடியலைன்னா என்ன, அதே டூரை நம்ம பக்கத்துல போவோம்னு முடிவு பண்ணினோம்.

எங்க ஊர் சோமனூர். விசைத்தறி ஊர். கூலிக்கு நெய்யற ஊர். பாவும் நூலும் வேற ஒருத்தர் குடுப்பாங்க, நாங்க துணியா ஓட்டிக் குடுப்போம், மீட்டருக்கு இவ்வளவுன்னு கூலி. அந்தக் கூலி பத்தலைன்னு தறியை நிறுத்தியிருந்த நேரம் அது. தறி ஓடினா அப்பா எங்கயும் வர மாட்டாரு. சத்தம் நின்னு போன வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கவும் அவரால முடியாது. "வாங்கப்பா போலாம்"னதும் கிளம்பிட்டாரு.

காலை: கோத்தகிரி

அஞ்சு மணிக்குக் கிளம்பி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியா கோத்தகிரி. ஒரு விஷயம் சொல்லிடறேன்: 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு வெளி வண்டி போக இ-பாஸ் வேணும். முன்னாடியே எடுத்துக்கோங்க. பிளாஸ்டிக் பாட்டிலும் எடுத்துட்டுப் போகாதீங்க.

டீயும் வர்க்கியும் முடிச்சிட்டு, கோத்தகிரிக்குப் பக்கத்துல கன்னேரிமுக்கு போனோம். அங்க ஜான் சல்லிவன் கட்டின ஒரு பழைய பங்களாவைப் புதுப்பிச்சு நினைவகமா வெச்சிருக்காங்க. சல்லிவன் யாருன்னா, 1815ல இருந்து 1830 வரைக்கும் கோயம்புத்தூர் கலெக்டர். அப்போ நீலகிரியும் கோயம்புத்தூர் ஜில்லாதான். அதாவது, ஊட்டியை "கண்டுபிடிச்சவர்"னு பாடத்துல படிச்சோமே, அவர் நம்ம கலெக்டர்! கண்டுபிடிச்சார்ங்கற வார்த்தையையும் யோசிக்கணும். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர்னு மக்கள் காலங்காலமா வாழற மலை அது.

"பங்களா"ங்கற வார்த்தையும் இங்கிலாந்துல இருந்து வரல. வங்காளத்து வீட்டுக்கான பேரை வெள்ளைக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. அதுக்குள்ள கணப்பு அடுப்பை வெச்சா, மலைமேல ஒரு இங்கிலாந்து.

ஊட்டி: கல் பங்களா

அடுத்து ஸ்டோன் ஹவுஸ். 1822ல சல்லிவன் கட்ட ஆரம்பிச்சது. ஊட்டியோட முதல் ஐரோப்பிய வீடு. இப்போ அரசு கலைக் கல்லூரி அந்த வளாகத்துலதான் இருக்கு, அதனால வெளியில நின்னு பார்த்துக்க வேண்டியதுதான். இடம் தோடர்களோட மேய்ச்சல் நிலம். ஏக்கருக்கு ஒரு ரூபாய்னு வாங்கினதா சொல்றாங்க.

அப்பா கேட்ட முதல் கேள்வி: "கட்டினவங்களுக்குக் கூலி எவ்வளவு குடுத்தான்?"

எனக்குப் பதில் தெரியல. கட்டினவரோட பேர் எல்லா இடத்துலயும் இருக்கு. கல் சுமந்தவங்க பேர் ஒண்ணுகூட எங்க கண்ணுல படல.

சல்லிவனை வில்லனா காட்டவும் எனக்கு மனசில்ல. தோடர்களோட நில உரிமைக்காக அரசாங்கத்துக்குள்ளயே வாதாடினவர் அவர். அவர் மனைவியும் மகளும் 1838ல அடுத்தடுத்து இறந்து இந்த ஊர்லயே புதைக்கப்பட்டிருக்காங்க, செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் கல்லறைல. அடுத்து அங்கதான் போனோம்.

அந்த உத்திரம்

செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சுக்கு 1829ல அடிக்கல் போட்டாங்க. வெளிய மங்கலான மஞ்சள், உள்ள பெரிய பெரிய மர உத்திரங்கள். அந்த மரம் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானோட லால் பாக் அரண்மனைல இருந்து பிரிச்சு மலையேத்தினது. 1799 மே 4 அன்னைக்கு திப்பு போர்ல இறந்தார். முப்பது வருஷம் கழிச்சு அவர் அரண்மனை மரம் ஊட்டில கூரையைத் தாங்குது.

இதைச் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் மேலேயே பார்த்துட்டு நின்னாரு. அப்புறம் மெதுவா சொன்னாரு: "நம்ம தறி செட்ல நடு உத்திரம் இருக்குதில்ல? அது உங்க அப்புச்சி வீட்டு மரம். வீட்டைப் பிரிச்சப்போ நான் எடுத்துட்டு வந்தது. ஆனா அது கேட்டு வாங்குனது கண்ணு."

கேட்டு வாங்குனது. அந்த ஒரு வார்த்தைல மொத்த டூரும் எனக்குப் புரிஞ்சிடுச்சு.

ஏன்னா இதோட மறு பாதி என் ஃபிரெண்டோட பக்கத்துல இருக்கு. வேல்ஸ்ல பாவிஸ் காசில்னு ஒரு கோட்டை, அடுக்கடுக்கான தோட்டத்துக்குப் பேர் போனது. அங்க திப்புவோட கூடாரம் இருக்கு. பருத்தித் துணி, பூ வேலை செஞ்ச சின்ட்ஸ். திப்பு தோத்தப்போ சென்னைல கவர்னரா இருந்தவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவோட மகன். அந்தக் குடும்பத்துக்குக் கூடாரம் போச்சு. தோட்ட விருந்துக்குப் பந்தலா கட்டினாங்க. ஒரே ராஜாவோட மரம் ஊட்டி சர்ச்சுல, துணி வேல்ஸ் கோட்டைல.

ராபர்ட் கிளைவ் இந்தியாவுல சேர்த்த காசுல இங்கிலாந்துல சர்ரேல கிளேர்மான்ட்னு ஒரு எஸ்டேட் வாங்கி, பழைய வீட்டை இடிச்சுப் புதுசா கட்டினார். இந்த மாதிரி வீடுகளைப் பராமரிக்கற நேஷனல் டிரஸ்ட்டே 2020ல ஒரு அறிக்கை விட்டுச்சு. அவங்க கைல இருக்கற 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடயோ அடிமை வியாபாரத்தோடயோ தொடர்பு இருக்குன்னு. அங்க பெரிய சண்டையே வந்துச்சு: "நாங்க பூ பார்க்க வந்தோம், பாடம் படிக்க வரல"ங்கற மாதிரி.

மதியம்: பூங்கா

தாவரவியல் பூங்கா. 55 ஏக்கர். 1840கள்ல வெள்ளைக்காரங்க தலைக்கு மாசம் 3 ரூபாய் சந்தா போட்டு, காய்கறிக்காக ஆரம்பிச்ச தோட்டம். அதாவது நம்ம பூங்காவோட ஆரம்பம் கேரட், முட்டைக்கோஸ் பிரச்சினை! 1848ல லண்டன் கியூ தோட்டத்துல பயிற்சி எடுத்த மெக்கைவர் வந்து அதை இந்த வடிவத்துக்குக் கொண்டு வந்தார்.

பூங்காவோட மேல் பக்கம் ஏறிப் போனா தோடர் மந்து. நிறைய பேர் செல்ஃபி எடுத்துட்டு கீழயே திரும்பிடறாங்க. தயவுசெஞ்சு ஏறுங்க. அங்க ஒரு அம்மா பூத்துக்குளி சால்வைக்கு எம்ப்ராய்டரி போட்டுட்டு இருந்தாங்க. வெள்ளைப் பருத்தில சிவப்பு, கருப்பு நூல். தோடர்கள் துணி நெய்யறதில்ல, வாங்கின துணில வேலை செய்யறாங்க. வரைஞ்சு வெச்சுக்காம, பாவு நூல், ஊடை நூல் எண்ணி எண்ணியே ஊசி போகுது. அப்பா பக்கத்துல உட்கார்ந்துட்டாரு. துணியைத் தொட்டுப் பார்த்து, "இது எங்க பக்கத்துத் துணியா இருக்குமுங்களா?"ன்னாரு. அந்த அம்மா சிரிச்சாங்க, "இருக்கலாம்"னாங்க. ஒரு சால்வை வாங்கினோம். அப்பா பேரம் பேசல. வாழ்க்கைல முதல் தடவை.

குன்னூர்ல சிம்ஸ் பார்க் பார்க்க நேரமில்ல. ராத்திரி ஒன்பதுக்கு வீடு.

இதனால ஊட்டிக்குப் போகாதீங்கன்னு சொல்லல. போங்க, பூவை ரசிங்க. எங்களுக்கும் அந்த இடம் அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அழகான வீடு எதுவா இருந்தாலும், இங்கிலாந்தா இருந்தாலும், ஊட்டியா இருந்தாலும், ரெண்டு கேள்வி கேளுங்க: கூலி எவ்வளவு? இது கேட்டு வாங்குனதா?

முதல் கேள்வியை எங்க ஊர் இன்னும் கேட்டுட்டுதான் இருக்கு. மறுநாள் காலைல அப்பா தறி செட்டுக்குப் போனாரு. தறி ஓடல. நடு உத்திரத்துல ஒட்டடை அடிச்சிட்டு வந்தாரு.

உங்க வீட்லயும் வேற வீட்டு மரம், கதவு, தூண் ஏதாவது இருக்கா? அது எப்படி வந்துச்சுன்னு பெரியவங்ககிட்ட கேட்டு, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.