கலைஞரின் இணையதளம்: அமைத்தலும் பேணுதலும்
(உரையின் வடிவம்)

கொச்சி நகரின் கிழக்கே காக்கநாடு. மேற்கே, காயலுக்கு அப்பால், மட்டாஞ்சேரி. எர்ணாகுளம் மாவட்டத் தலைமை அலுவலகங்களும், 2004-ல் தொடங்கப்பட்ட இன்போபார்க் தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் காக்கநாட்டில் அமைந்துள்ளன. மட்டாஞ்சேரியிலோ, நறுமணப் பொருள் வாணிபத்திற்குப் பயன்பட்ட பழைய கிடங்குகளிற் சில கலைக்கூடங்களாக மாறியுள்ளன. ஒருபுறம் கணினித் தொழில், மறுபுறம் கலை. இவ்விரண்டும் சந்திக்கும் இடமே கலைஞரின் இணையதளம். அதனை அமைப்பதில் காட்டப்படும் ஆர்வம் பேணுவதில் காட்டப்படுவதில்லை என்பதே கவனிக்கத்தக்க குறையாகும்.

கொச்சி-முசிறிஸ் பினாலே என்னும் கலைக் கண்காட்சி 2012 டிசம்பர் 12-ல் முதன்முறையாகத் தொடங்கிற்று. 2014 முதல் கலைக் கல்லூரி மாணவர்களுக்கான மாணவர் பினாலேயும் உடன் நடைபெறலாயிற்று. இங்கு இடம்பெறும் படைப்புகளிற் பல, குறிப்பிட்ட கூடத்திற்கென்றே உருவானவை. சில மாதங்களில் கண்காட்சி முடிந்ததும் பிரிக்கப்படுபவை. அதன் பின்னர் எஞ்சுவது என்ன? நிழற்படங்களும் குறிப்புகளும் மட்டுமே. தொலைவிலுள்ள தேர்வுக் குழுவினர் இளங்கலைஞர் ஒருவரின் தகுதியை இவற்றைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். தளம் மறைந்தால், படைப்பே இல்லாதது போலாகிவிடுகிறது.

தளங்கள் மறைவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் எளியவையே. முதலாவது, தளப்பெயர். அது விலைக்கு வாங்கப்படுவதன்று. குறித்த காலத்திற்குப் பதிவு செய்யப்படுவது. புதுப்பிக்கத் தவறினால், சலுகைக் காலம் கழிந்தபின் வேறு எவரும் அதனைப் பெற்றுக்கொள்ளலாம். இரண்டாவது, தொழில்நுட்ப மாற்றம். ஒரு காலத்தில் கலைஞர் பலர் தம் தளங்களை 'ஃபிளாஷ்' முறையில் அமைத்தனர். அம்முறைக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிவுற்றதால் அப்பக்கங்கள் திறவாமற் போயின. மூன்றாவது, இலவச இடத்தை மட்டும் நம்பியிருத்தல். 'ஜியோசிட்டீஸ்' என்ற புகழ்பெற்ற இலவசச் சேவையை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் அமெரிக்காவில் நிறுத்தியபோது எண்ணற்ற பக்கங்கள் ஒருசேர மறைந்தன.

ஆகவே, பராமரிப்பு ஓர் ஒழுங்காக அமைதல் வேண்டும். ஒவ்வொரு படைப்புக்கும் தலைப்பு, ஆண்டு, பயன்படுத்திய பொருள், உயர அகல அளவு ஆகியன தவறாது குறிக்கப்பட வேண்டும். கண்காட்சி முடிந்த வாரத்திலேயே இவற்றை எழுதிவிடுதல் நன்று. ஓராண்டு கழித்து நினைவு துணைபுரியாது. பார்வையற்றோரும் அறியும் வண்ணம் படத்திற்குச் சொல் விளக்கம் சேர்ப்பது கடமையாகும். விற்கப்பட்ட ஓவியம் விற்பனைக்கு உள்ளது போல் காட்டப்படலாகாது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இணைப்புகளையும் முகவரியையும் சரிபார்த்தல் போதுமானது.

2018 ஆகஸ்டில் கேரளத்தைத் தாக்கிய வெள்ளம் மற்றொரு பாடம் புகட்டிற்று. வீட்டிலுள்ள ஒரே கணினியில் இருப்பது பாதுகாப்பன்று. மூலப் படங்களுக்கு மூன்று படிகள். இரண்டு வகைச் சாதனங்கள். அவற்றுள் ஒரு படி வேறோர் ஊரில் இருத்தல் என்னும் விதி உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. இதற்குப் பெரும் செலவு தேவையில்லை, பழக்கமே தேவை.

சட்ட நிலையும் அறியத்தக்கது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் உரிமை அவர் வாழ்நாளோடு முடிவதில்லை. மறைவுக்குப் பின்னரும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆனால் தளமோ, கட்டணம் செலுத்தாத முதல் ஆண்டிலேயே நின்றுவிடக்கூடும். தளப்பெயர் யார் பெயரில் உள்ளது, கடவுச்சொல் எங்கே உள்ளது என்பவற்றைக் குடும்பத்தினர் அறிந்திருத்தல் அவசியம். தளத்தை அமைத்துத் தந்தவர் பெயரிலேயே பதிவு இருந்தால், கலைஞர் தம் பெயருக்கே உரிமையற்றவராகிவிடுவார்.

கலைக் கல்லூரிகள் வண்ணக் கலவையைக் கற்பிப்பது போலவே ஆவணப்படுத்தலையும் கற்பிக்கலாம். நிதியுதவி வழங்கும் அலுவலகங்கள் தளம் அமைக்கும் செலவோடு சில ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்து மதிப்பிடலாம். கிணறு வெட்ட நிதி ஒதுக்கித் தூர்வார ஒதுக்காத திட்டம் முழுமையானதன்று. பட்டா மாறாத நிலப்பதிவேடு வழக்கில் முடிவதை அலுவலர் அறிவர். புதுப்பிக்கப்படாத கலைஞரின் பதிவோ வழக்குக்கும் இடமின்றி மறதியில் முடிகிறது. அம்மறதியைத் தவிர்க்க ஆண்டுக்குச் சில நாள் உழைப்பே போதும்.