ஊர் மாறும் பொய்



இந்த நினைவு அரங்கில் அமெரிக்கக் காவல்துறையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். 1972இல் பம்பாயில் பிறந்த தலித் பேந்தர்ஸ் தன் பெயரையே கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. அவர்கள் போராட்டத்தைப் படிப்பது நம் மரபு.

இன்னொரு காரணமும் உண்டு. காவல் நிலையத்தில் எழுதப்படும் பொய் என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையச் சித்திரவதையில் உயிரிழந்த ராஜாக்கண்ணு, தப்பி ஓடிவிட்டதாகத்தான் எழுதி வைத்தார்கள்.

இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: பொய் சொல்லிப் பிடிபட்ட ஒரு காவலர் வேறோர் ஊரில் வேலைக்கு மனுச் செய்யும்போது, அந்தப் பொய்யைப் புதிய துறைக்குச் சொல்ல வேண்டிய கடமை பழைய துறைக்கு உண்டா?

அமெரிக்காவில் சுமார் 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. மாநகரம், சிற்றூர், கவுண்டி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே ஆள் எடுக்கிறது. ஓரிடத்தில் மாட்டிக்கொண்டவர் அடுத்த ஊரில் புதிய ஆளாகிவிடலாம். இவர்களை 'அலையும் காவலர்கள்' என்று அங்குள்ள ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள்.

2014 நவம்பர் 22 அன்று கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் டமிர் ரைஸைக் காவலர் டிமோதி லோமன் சுட்டார். கார் வந்து நின்ற சில நொடிகளில் சுட்டார். அவர் முன்பு வேலை பார்த்த இண்டிபென்டன்ஸ் என்ற சிறு நகரத்தின் காவல்துறை, இந்த வேலைக்கு இவர் தகுதியற்றவர் என்று 2012இலேயே எழுதி வைத்திருந்தது. விலக்கப்படும் நிலையில் அவரே ராஜினாமா செய்துவிட்டார். கிளீவ்லாந்து அந்தக் கோப்பை வாங்கிப் பார்க்கவே இல்லை. 2017இல் லோமன் பணிநீக்கம் செய்யப்பட்டார். காரணம், சிறுவனைக் கொன்றது அல்ல. விண்ணப்பத்தில் பழைய வேலையைப் பற்றிப் பொய் சொன்னது. அந்தப் பொய் நியமனத்துக்கு முன்பே வெளிப்பட்டிருந்தால் அவர் கையில் அந்த நகரத்தின் துப்பாக்கி இருந்திருக்காது. அதன் பிறகும் வேறு சிற்றூர்கள் அவரை வேலைக்கு எடுக்க முன்வந்தன.

2024 ஜூலை 6 அன்று இல்லினாய் மாநிலத்தில் சோன்யா மாசி, வீட்டருகே யாரோ நடமாடுகிறார்கள் என்ற அச்சத்தில் காவல்துறையை அழைத்தார். உதவிக்கு வந்த ஷான் கிரேசன் அவரைச் சமையலறையிலேயே சுட்டுக் கொன்றார். நான்கே ஆண்டுகளில் கிரேசன் ஆறு காவல் அமைப்புகளில் வேலை பார்த்திருந்தார். அவற்றுள் ஒன்றில், அவர் எழுதிய அறிக்கையின் உண்மைத்தன்மையை மேலதிகாரிகளே கேள்வி கேட்ட ஒலிப்பதிவு கொலைக்குப் பிறகுதான் மக்கள் காதுக்கு வந்தது. 2025 அக்டோபரில் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என நடுவர் குழு தீர்ப்பளித்தது.

இவை விதிவிலக்குகள் என்று சொல்ல முடியாது. புளோரிடா மாநிலத்தின் சுமார் 98,000 காவலர்களின் முப்பதாண்டுப் பதிவுகளைக் குரன்வால்ட், ராப்பபோர்ட் என்ற இரு சட்டப் பேராசிரியர்கள் ஆராய்ந்து 2020இல் வெளியிட்டார்கள். எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும், முன்பு பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் சராசரியாகச் சுமார் 1,100 பேர் பணியில் இருந்தார்கள். மற்றவர்களைவிட இவர்கள் மீண்டும் நீக்கப்படும் வாய்ப்பு அதிகம். இவர்கள் போய்ச்சேர்ந்தது பெரும்பாலும் வசதி குறைந்த சிறிய துறைகளில்; வெள்ளையரல்லாதோர் சற்றே கூடுதலாக வாழும் பகுதிகளில். ஒரு துறை கழித்துவிட்ட ஆள் யார் தலையில் வந்து இறங்குகிறார் என்று பாருங்கள். சமூகவியல் மாணவர்கள் அடிக்கோடிட வேண்டிய இடம் இது.

துறைகள் ஏன் மறைக்கின்றன? ஒருவரை நீக்கினால் மேல்முறையீடு, தொழிற்சங்கத்தோடு வழக்கு, செலவு. 'நீயே ராஜினாமா செய்துவிடு, நாங்கள் எதுவும் சொல்லமாட்டோம்' என்ற ஒப்பந்தம் இருவருக்கும் வசதி. அவதூறு வழக்குக்குப் பயந்து, வேலை பார்த்த தேதிகளை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் துறைகளும் உண்டு. எடுக்கும் சிற்றூருக்கோ, பயிற்சி பெற்ற ஆள் குறைந்த சம்பளத்தில் கிடைத்தால் போதும்.

இதிலே ஒரு முரணைக் கவனியுங்கள். 1963இன் பிராடி தீர்ப்பும் 1972இன் ஜிக்லியோ தீர்ப்பும், அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் தகவலை எதிர்த்தரப்புக்குத் தர வேண்டும் என்கின்றன. அதனால் பொய் சொன்ன காவலர்களின் பட்டியலைப் பல அரசு வழக்கறிஞர்கள் வைத்திருக்கிறார்கள். கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லத் தகாதவர் என்று ஓர் ஊரில் குறிக்கப்பட்டவர், பக்கத்து ஊரில் கைது செய்யத் தகுந்தவராக இருக்கிறார். உரிமம் ரத்தானவர்களுக்கு ஒரு தேசியப் பட்டியல் உண்டு; ஆனால் உரிமம் ரத்தாகும் முன்பே விலகியவர்கள் அதில் தப்பிவிடலாம். கூட்டாட்சி அரசின் காவலர்களுக்கென 2023 டிசம்பரில் தொடங்கிய தரவுத்தளம் 2025 ஜனவரியில் ஆட்சி மாறியதும் மூடப்பட்டது.

எதிர்வாதத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். துறைக்குள் நடக்கும் அநீதியை வெளியே சொன்ன காவலருக்கே 'பொய்யர்' என்று முத்திரை குத்தலாம் அல்லவா? குத்தலாம். அதிகாரம் கையில் இருப்பவர்கள் எழுதும் பதிவு யாரைக் குறிவைக்கும் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஆகவே வெறும் புகாரை அல்ல, விசாரித்து உறுதிசெய்த முடிவை அனுப்ப வேண்டும். காவலரின் மறுமொழியும் அதோடு போக வேண்டும். ஆனால் விசாரணையின் நடுவே ஒருவர் ராஜினாமா செய்தால் விசாரணை நிற்கக் கூடாது. ராஜினாமா கடிதம் பொய்யை அழிக்கும் ரப்பராகிவிடக் கூடாது.

சோன்யா மாசியின் பெயரால் இல்லினாய் மாநிலம் 2025இல் இயற்றிய சட்டம், காவலர் ஒருவரைச் சேர்க்குமுன் அவருடைய முந்தைய பணிப்பதிவுகளை முழுதாகப் பார்த்தாக வேண்டும் என்கிறது. ஒரு தாயின் உயிர் கொடுத்து வாங்கிய சட்டம். இதுவும் பாதி வழிதான். தெரிந்தே வேலைக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே, இன்ன பதிவைப் படித்தோம், இன்ன காரணத்துக்காக எடுத்தோம் என்று நியமிக்கும் அதிகாரி எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாளை ஒரு பிணம் விழுந்தால் அந்தக் கையெழுத்தும் கூண்டில் ஏற வேண்டும்.

ஓர் ஏழையின் மீது போடப்பட்ட பழைய வழக்கு, அவர் விடுதலையான பின்னும் ஊர் ஊராக அவரைத் துரத்துகிறது. சீருடை அணிந்தவரின் நிரூபணமான பொய் மட்டும் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது. நாம் பழிவாங்கக் கேட்கவில்லை. அவர் எழுதும் நான்கு வரியை நம்பித்தான் நீதிமன்றம் நம் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்புகிறது. அந்தக் கை முன்பு என்ன எழுதியது என்று அறியும் உரிமையைத்தான் கேட்கிறோம்.